பூட்டும் முன் ஒரு கணம்

சில ஆண்டுகளுக்கு முன்பு மும்பைப் புறநகர்க் கிளை ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முற்பகலில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் நிரந்தர வைப்பு ரசீதுடன் என் மேசை முன் வந்து அமர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் மும்பைக்கு வந்து, ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்; அந்தக் கிளையின் நெடுநாளைய வாடிக்கையாளர். முதிர்வடைய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்த வைப்பை அன்றே முறித்துத் தர வேண்டும் என்றார்.

“இப்போது முறித்தால் வட்டி குறையுமே, ஐயா. ஏதேனும் மருத்துவச் செலவா?” என்று கேட்டேன்.

“வட்டி போனால் போகட்டும் சார். இருபத்தைந்து லட்சம் வரப்போகிறது” என்றார், பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி.

கைபேசியைத் திறந்து காட்டினார். வாட்ஸ்ஆப்பில் ஒரு சான்றிதழ் வந்திருந்தது. அதில் ‘கௌன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின் சின்னமும், அமிதாப் பச்சனின் படமும், ஏதோ ஒரு வங்கியின் முத்திரையும் இருந்தன. அவருடைய கைபேசி எண்ணுக்கு ரூ.25 லட்சம் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் ஒலிப்பதிவும் உடன் வந்திருந்தது. பதிவுக் கட்டணம் என்று ரூ.12,500 ஏற்கெனவே அனுப்பியிருந்தார். வரித்தொகை ரூ.38,000 அன்று மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

இது மோசடி என்று நான் விளக்கினேன். கிளைச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை அறிவிப்பையும் காட்டினேன். அவர் அசையவில்லை. “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் குரல் அவருடையது சார்” என்றார். வேறு வழி தோன்றாமல், “அந்த நிகழ்ச்சியை நீங்கள் பார்த்ததுண்டா, ஐயா?” என்று கேட்டேன்.

“ஒரு நாள் விட்டதில்லை.”

“விடையைப் பதிவு செய்வதற்கு முன் அவர் என்ன கேட்பார்?”

பெரியவரின் முகம் மலர்ந்தது. பச்சனின் கனத்த குரலைத் தம் குரலில் வரவழைத்துக்கொண்டு, “லாக் கியா ஜாயே?” என்றார்.

“இந்த ஒரு வாரத்தில் இவர்களில் யாராவது ஒரு முறையேனும் உங்களிடம் அப்படிக் கேட்டார்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. ரசீதை மேசைமீது வைத்துவிட்டு, நெடுநேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வீடு விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்கும் ஒரு தொலைக்காட்சி வசனத்துக்குள் இத்தனை பொருள் இருக்கிறதா என்று எண்ணத் தொடங்கியது அன்றுதான்.

முத்திரை வசனங்கள்

பொழுதுபோக்கு உலகம் நமக்குத் தந்த சொற்றொடர்களில் பெரும்பாலானவை ஒரு பருவத்தோடு மறைந்துவிடுகின்றன. சில மட்டும் தங்கிவிடுகின்றன. 1952ஆம் ஆண்டு ரேடியோ சிலோனில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியில் அமீன் சயானி, ‘பெஹனோ அவுர் பாயியோ’ என்று நேயர்களை அழைப்பார். ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று பெண்களை முன்வைத்த அந்த அழைப்பு, இந்தி அறிந்த பல தலைமுறையினரின் நினைவில் இன்றும் ஒலிக்கிறது. 1998இல் தொடங்கி 2018 வரை சோனி தொலைக்காட்சியில் ஓடிய ‘சி.ஐ.டி.’ தொடரிலிருந்து இரண்டு வசனங்கள் நாடெங்கும் பரவின. ஒன்று ‘தயா, தர்வாசா தோட் தோ’, அதாவது ‘தயா, கதவை உடைத்துவிடு’. மற்றொன்று ‘குச் தோ கட்பட் ஹை’, அதாவது ‘ஏதோ சரியில்லை’.

இவற்றில் சொல்லழகு பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே தருணத்தில் சொல்லப்பட்டது. நிகழ்ச்சி தொடங்கும்போது அழைப்பு. பூட்டிய கதவின் முன் கட்டளை. விசாரணையில் முரண்பாடு தெரியும்போது ஐயம். அந்தத் தருணம் எப்போது வரும் என்று நேயர் அறிவார். வந்ததும் தாமும் உடன் சொல்வார். அதே தருணம் வீட்டிலும் அலுவலகத்திலும் நேரும்போது வசனம் தானாக வாய்க்கு வந்துவிடுகிறது. சமையலறையில் பால் பொங்கிய வாசனை வந்தால், ‘குச் தோ கட்பட் ஹை’ என்று சொல்லாத குழந்தைகள் அந்நாளைய மும்பையில் குறைவு. வாழ்வில் அடிக்கடி நேர்ந்தும், சொல்வதற்குச் சுருக்கமான சொல் இல்லாதிருந்த ஓர் இடத்தை அந்த வசனம் நிரப்பிவிடுகிறது. ‘லாக் கியா ஜாயே’ நிரப்பிய இடம், முடிவெடுப்பதற்கு முந்தைய கணம்.

கேள்வி வந்த வழி

இந்த வசனத்தின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1998 செப்டம்பர் 4ஆம் நாள், ஐ.டி.வி. தொலைக்காட்சியில் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்?’ என்னும் வினாடிவினா நிகழ்ச்சி தொடங்கியது. தொகுத்து வழங்கியவர் கிறிஸ் டாரன்ட். பதினைந்து கேள்விகள், உச்சப் பரிசு பத்து லட்சம் பவுண்டு. போட்டியாளர்கள் பதற்றத்தில் உரக்கச் சிந்திப்பார்கள். ‘ஏ-யாக இருக்கலாம், இல்லை, சி என்றுதான் தோன்றுகிறது’ என்று முணுமுணுப்பார்கள். இவற்றில் எது சிந்தனை, எது விடை? அதை ஐயமின்றித் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி தேவைப்பட்டது. ‘இதுவே உங்கள் இறுதி விடையா?’ என்று டாரன்ட் கேட்டார். 1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி சென்றபோது, ரீஜிஸ் ஃபில்பின் அதே கேள்வியைக் கேட்டார். அந்நாட்டிலும் அது அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது.

2000 ஜூலை 3ஆம் நாள் இரவு, ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் ‘கௌன் பனேகா குரோர்பதி’ தொடங்கியது. 1980களில் தூர்தர்ஷனில் ‘குவிஸ் டைம்’ நடத்திப் புகழ்பெற்ற சித்தார்த்த பாசு இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தார். தொகுத்து வழங்க வந்த அமிதாப் பச்சனுக்கு அப்போது வயது 57. அவர் தொடங்கிய நிறுவனம் பெருங்கடனில் சிக்கியிருந்த காலம் அது. அந்தக் கடன்களைப் பின்னர் திருப்பிச் செலுத்தியதைப் பற்றி அவரே பொதுவெளியில் பேசியிருக்கிறார். நாற்காலியின் இருபுறமும் அமர்ந்தவர்களுக்குப் பணத்தின் அருமை தெரிந்திருந்தது என்று சொல்லலாம்.

‘இறுதி விடையா?’ என்பதை அப்படியே இந்தியில் சொல்லாமல், ‘லாக் கியா ஜாயே’ என்று அமைத்தது நல்ல தேர்வு. ‘லாக்’ என்னும் ஆங்கிலச் சொல், பூட்டையும் சாவியையும் கண்முன் கொண்டுவருகிறது. ‘கியா ஜாயே’ என்பது ‘செய்யப்படட்டுமா’ என்று பணிவுடன் இசைவு கேட்கும் வடிவம். ‘நான் பூட்டப்போகிறேன்’ என்னும் அதிகாரமும் இல்லை. ‘சீக்கிரம் பூட்டுங்கள்’ என்னும் விரட்டலும் இல்லை. போட்டியாளர் ‘ஆம்’ என்ற பிறகே, ‘கம்ப்யூட்டர் ஜி’ என்று மரியாதையாக விளிக்கப்படும் கணினி விடையைப் பூட்டும். பல வங்கிக் கிளைகளில் பேரேடுகள் இன்னும் முழுமையாகக் கணினிக்கு மாறியிராத காலம் அது. பூட்டுவது இயந்திரம், ஆணையிடுவது மனிதர் என்பதை அந்த ‘ஜி’ நாள்தோறும் நினைவூட்டியது.

தமிழிலும் இந்த நிகழ்ச்சி பல வடிவங்களில் வந்தது. சன் தொலைக்காட்சியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நிகழ்ச்சியை வழங்கினார். 2019இல் பெண்களுக்கென்றே ‘கோடீஸ்வரி’ கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமாரின் தொகுப்பில் வந்தது. மொழி மாறினாலும், விடையை உறுதிசெய்யும் அந்தக் கேள்வியை எந்த வடிவமும் கைவிடவில்லை.

ஒரு தரம், இரண்டு தரம்

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. நம் ஊர் ஏலங்களில் ‘ஒரு தரம்… இரண்டு தரம்… மூன்று தரம்’ என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். கோயில் வாசலில் தேங்காய்க் குத்தகையை ஏலம் விட்டாலும், வங்கி தன்வசமுள்ள அடகு நகையை ஏலம் விட்டாலும், மூன்றாம் தரத்துக்கு முன் ஒரு சிறு இடைவெளி உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இந்த இடைவெளிக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. சுத்தியல் விழுந்தோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக ஏலமிடுபவர் அறிவிக்கும் வரை, ஏலம் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அறிவித்த பின் முடியாது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் இதே நெறியைச் சார்ந்தது. முன்மொழிந்தவர், எதிர்த்தரப்பின் ஏற்பு தம்மைக் கட்டுப்படுத்தும் நிலையை எட்டும் வரை தம் முன்மொழிவை விலக்கிக்கொள்ளலாம். திரும்பப் பெற முடியாத ஒரு செயலுக்கு முன், திரும்பப் பெறக்கூடிய ஒரு கணத்தை வைத்திருப்பது நேர்மையான வணிகத்தின் அடையாளம். தொலைக்காட்சி நிகழ்ச்சி அந்தக் கணத்துக்கு ஓர் இசையையும் ஒரு வசனத்தையும் சேர்த்து, அதைக் கோடிக்கணக்கானோர் கண்டு பழகும் காட்சியாக்கிவிட்டது.

விலகிக்கொள்ளும் உரிமை

நிகழ்ச்சியில் போட்டியாளருக்கு இருந்தது அந்தக் கணம் மட்டுமன்று. உதவி கேட்கவும் வழியிருந்தது. தவறான இரண்டு விடைகளை நீக்கச் சொல்லலாம். அரங்கினரின் கருத்தை அறியலாம். நண்பருக்குத் தொலைபேசியில் அழைத்து முப்பது வினாடிகள் பேசலாம். இவை எதுவும் பயன்படவில்லை என்றால், வென்ற தொகையுடன் எழுந்து செல்லலாம். அப்படி எழுந்தவரைத் தோற்றவராக யாரும் நடத்துவதில்லை. அரங்கம் கைதட்டியே வழியனுப்பும்.

இந்த விலகும் உரிமையின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் அமைப்பில், பத்தாம் கேள்வியின் ரூ.3,20,000 பாதுகாப்பான படி. பன்னிரண்டாம் கேள்விக்கு ரூ.12,50,000, பதின்மூன்றாம் கேள்விக்கு ரூ.25,00,000. பன்னிரண்டைக் கடந்த ஒருவர் அடுத்த கேள்வியில் தவறினால் ரூ.3,20,000க்கு இறங்கிவிடுவார். எழுந்துகொண்டால் ரூ.12,50,000 அவருடையது.

விடை சற்றும் தெரியாமல், நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெல்ல நான்கில் ஒரு வாய்ப்பு, தோற்க மூன்று. அதன் சராசரி மதிப்பு ரூ.8,65,000. கையில் இருப்பதைவிட ரூ.3,85,000 குறைவு. எழுந்துகொள்வதே அறிவுடைமை. இரண்டு விடைகள் நீக்கப்பட்டு, மீதி இரண்டில் ஒன்றைச் சொல்கிறார் என்றால் சராசரி ரூ.14,10,000 ஆகிறது. காகிதத்தில் இது கையிருப்பைவிட அதிகம். எனினும் சராசரி என்பது நூறு முறை ஆடுபவருக்குரிய கணக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் அமரும் ஆசிரியருக்கோ விவசாயிக்கோ ரூ.14,10,000 என்னும் முடிவு கிடைக்கப்போவதில்லை. ஒன்று இருபத்தைந்து லட்சம். அல்லது கையிலிருந்ததில் ரூ.9,30,000 இழப்பு. மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அந்தப் பணம் தேவை என்றால், அவர் எழுந்து செல்வதைக் கோழைத்தனம் என்று எந்தக் கணக்காளரும் சொல்ல மாட்டார்.

முதலீட்டிலும் இதுவே நெறி. கூடுதல் வருவாய் தருவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்திலும், ‘சராசரியாக எவ்வளவு கிடைக்கும்’ என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. ‘தவறினால் நான் எந்தப் படியில் போய் நிற்பேன்’ என்பதையும் கேட்க வேண்டும்.

பெயரைத் திருடியவர்கள்

புகழ்பெற்ற வசனத்தின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையைத் திருடர்களும் அறிவார்கள். இந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி நடக்கும் ‘லாட்டரி’ மோசடி பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. நாட்டின் பல பகுதிகளில் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுகள் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளன. முறை பெரும்பாலும் ஒன்றே. பரிசு விழுந்ததாக வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வரும். ‘மேலாளர்’ ஒருவரை அதே வழியில் தொடர்புகொள்ளச் சொல்வார்கள். முதலில் ஒரு சிறு கட்டணம்; அது திரும்பக் கிடைக்கும் என்பார்கள். பிறகு வரி, பிறகு மாற்றுக் கட்டணம் என்று தொகை ஏறிக்கொண்டே போகும்.

உண்மையான நிகழ்ச்சியில் எவருடைய கைபேசி எண்ணுக்கும் குலுக்கலில் பரிசு விழுவதில்லை. பங்கேற்க விரும்புபவர் தாமே பதிவு செய்து, தேர்வுச் சுற்றுகளைக் கடந்து, அரங்குக்கு வந்து, கேள்விகளுக்கு விடையளித்தே பணம் வெல்கிறார். குரலையும் படத்தையும் சான்றாகக் கொள்வதற்கில்லை. அன்று என்னிடம் வந்த பெரியவருக்கு யாரோ ஒருவரின் குரல் போதுமானதாக இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எவருடைய குரலையும் எளிதில் போலியாக உருவாக்கிவிடலாம்.

எனவே யார் பேசுகிறார் என்று பார்ப்பதைவிட, எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பதே நமக்குப் பாதுகாப்பு. உண்மையான நிகழ்ச்சி போட்டியாளருக்கு மூன்றைத் தருகிறது: யோசிக்க ஒரு கணம், கலந்து பேச ஒரு துணை, விலகிச் செல்ல ஒரு வழி. மோசடிக்காரர் இந்த மூன்றையும் பறித்துக்கொள்கிறார். ‘மாலை நான்கு மணிக்குள்’ என்று கணத்தைப் பறிக்கிறார். ‘யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் பரிசு ரத்தாகிவிடும்’ என்று துணையைப் பறிக்கிறார். ‘இதுவரை கட்டியது வீணாகிவிடும்’ என்று வழியை அடைக்கிறார். இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் ‘குச் தோ கட்பட் ஹை’ என்று நம் மனம் சொல்ல வேண்டும்.

வரியை யார் பிடிப்பது?

பரிசு மோசடிகளில் பெருந்தொகை ‘வரி’ என்னும் பெயரில்தான் பறிபோகிறது. படித்தவர்களும் ஏமாறும் இடம் இது. ஏனெனில் பரிசுப் பணத்துக்கு வரி உண்டு என்பது உண்மை. வினாடிவினா, லாட்டரி போன்றவற்றில் வெல்லும் தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரியும், அதற்கு மேல் உரிய கூடுதல் வரிகளும் உண்டு. சம்பளத்துக்குரிய படிநிலை விகிதங்களோ அடிப்படை விலக்கோ இதற்குப் பொருந்தாது.

ஆனால் அந்த வரி வசூலாகும் முறையைக் கவனியுங்கள். ரொக்கப் பரிசை வழங்குபவரே, வழங்கும்போதே, வரியைப் பிடித்தம் செய்துகொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். இதையே மூலத்தில் வரிப் பிடித்தம் என்கிறோம். ரூ.25 லட்சம் ரொக்கப் பரிசு என்றால் ரூ.7,50,000 பிடிக்கப்பட்டு, ரூ.17,50,000 வெற்றியாளரின் வங்கிக் கணக்குக்கு வரும். பிடித்தம் செய்த தொகை அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் வருமான வரித் துறையிடம் பதிவாகும். ரொக்கப் பரிசைக் கையில் பெறுவதற்கு முன், வெற்றியாளர் தம் பணத்தை முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு அனுப்பி வரி கட்டும் நடைமுறை எங்கும் இல்லை. ‘வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையாகப் பரிசு வழங்குபவர் சட்டப்படி அதைத்தான் செய்ய வேண்டும். மோசடிக்காரர் அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

நம் கையில் உள்ள பூட்டு

இன்று நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் அந்த நாற்காலியில் அமர்கிறோம். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்று பாரத ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் வாழ்வில் பரவலானது இப்படித்தான். 2016இல் யு.பி.ஐ. வந்தபோது ரகசிய எண் அந்த இடத்தைப் பெற்றது. இவை வெறும் தொல்லைகள் அல்ல. ‘லாக் கியா ஜாயே?’ என்று வங்கி நம்மிடம் கேட்கும் கேள்விகள். எண்ணை இட்டால் நாம் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டோம் என்று பொருள்.

ஆகவே கடவுச்சொல் வந்தவுடன் இலக்கங்களை மட்டும் பார்க்காமல், அந்தக் குறுஞ்செய்தியை முழுமையாகப் படியுங்கள். எவ்வளவு தொகை, யாருக்கு, எதற்காக என்ற விவரம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் அனுப்புவதற்கு மட்டுமே உரியது. ‘பணம் வர எண்ணை இடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது உங்கள் பணத்தை. கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் வங்கி ஊழியர் எவரும் கேட்க மாட்டார். கேட்டால் அவர் வங்கி ஊழியர் அல்லர்.

தவறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வாடிக்கையாளரின் பொறுப்பு வரம்பு பற்றி 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றைத் தெளிவாக்கியது. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். அதாவது தாமதத்துக்கும் விலை உண்டு. உடனே உங்கள் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். மோசடிப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, முதல் சில மணி நேரங்களில்தான் மிகுதி.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுக்கு எச்சரிக்கைப் பட்டியல்களைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். எந்த நேரத்திலும் தயக்கமின்றி அழைக்கக்கூடிய அந்த ‘நண்பராக’ நீங்கள் இருங்கள். ‘இதைக்கூடவா தெரியாது’ என்று ஒரு முறை கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். அந்த மௌனத்தைத்தான் மோசடிக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வு விளம்பரங்களில் பின்னாளில் அமிதாப் பச்சனே தோன்றி, ‘ஜான்கார் பனியே, சதர்க் ரஹியே’ என்றார். ‘அறிந்திருங்கள், விழிப்புடன் இருங்கள்’ என்பது அதன் பொருள். அவருடைய குரலைப் போலி செய்து ஏமாற்றியவர்களுக்கு, அதே குரலில் ஒரு மறுமொழி.

மேசைக்கு முன் அமர்ந்திருந்த பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நெடுநேர மௌனத்துக்குப் பின் அவர், “மகனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றார்கள்” என்றார். என் மேசையிலிருந்தே புனேயில் இருந்த மகனுக்குப் பேசினார். அந்த உரையாடலில் மகன் கோபப்படவில்லை என்பதை அவருடைய முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். புகாரும் பதிவு செய்தோம். அனுப்பிவிட்ட ரூ.12,500, எனக்குப் பணிமாற்றம் வரும் வரை திரும்பவில்லை. வைப்பு முறிக்கப்படவில்லை.

ஐந்து மாதம் கழித்து, முதிர்வடைந்த அந்த வைப்பைப் புதுப்பிக்க அவர் வந்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வட்டி விகிதம், காலம், முதிர்வுத் தொகை, வாரிசு நியமனம் என்று வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் மகனின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. பத்து நிமிடங்கள் கழித்துத்தான் கையெழுத்திட்டார்.